அப்பா எடை கூடிய கோடை

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு எங்கே போய் உட்காருகிறது என்று கவனித்திருப்பீர்கள். முன்பு சினிமா. பிறகு பிள்ளைகளின் மார்க். இப்போது வயிறு. போன மாதம் பள்ளித் தோழிகள் கூடினோம். ஒருத்தி காலையில் சீரகத் தண்ணீர் தவிர வேறெதையும் தொடுவதில்லையாம். ஒருத்தி நல்ல கிருமிகளைக் காப்ஸ்யூலில் அடைத்து விழுங்குகிறாள். அவை உள்ளே போய்க் கெட்ட கிருமிகளோடு சண்டை போடுமாம். இன்னொருத்தி கேரளாவுக்குப் போய், பின்வாசல் வழியாக எண்ணெய் ஏற்றிக் குடலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். அந்த அனுபவத்தைப் பிரியாணியைப் பிசைந்தபடியே விளக்கினாள். நானும் சளைத்தவள் அல்ல. என் கைப்பையில் சாப்பாட்டுக்கு முன் போட ஒரு மாத்திரை, பின் போட ஒன்று, இரண்டையும் போட்டதால் வரும் உபத்திரவத்துக்கு ஒன்று இருக்கிறது. நாற்பதைத் தொடுவதற்குள் கிழவி வேஷமா என்று கேட்பவர்கள் என் முழங்காலை விசாரிக்கலாம். அது விவரமாகச் சொல்லும்.

நம் பிள்ளைப் பருவத்தில் வைத்தியம் என்றாலே குடல்தான். காய்ச்சல் ஏறினால் ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், மெழுகுக் குண்டு மாதிரி ஒரு மருந்து காத்திருக்கும். அதை எங்கே வைப்பார்கள் என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் விளக்கெண்ணெய். என் அம்மா அதைக் காப்பியில் கலந்து தருவாள். திருநெல்வேலியிலிருந்து அவள் கொண்டுவந்த மருத்துவப் படிப்பு அவ்வளவுதான்: வயிறு சுத்தமானால் பாதி வியாதி போகும். மீதிப் பாதி போகவில்லை என்றால் வயிறு சரியாகச் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். எனக்கு முப்பது வயது வரை காப்பி வாசனை வந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கண் தேடும். அலுவலகத்தில் இதனால் பட்ட அவமானங்களை இன்னொரு நாள் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடையைப் பற்றி. ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில், எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஜினியர்கள். தெருவில் ஒரு பல்ப் ஃபியூஸ் ஆனால் ஐந்து பேர் கூடி ஏன் ஆனது என்று விவாதிப்பார்கள், இருட்டிலேயே விவாதிப்பார்கள். எங்கள் அப்பா அவர்களில் ஒருவர். குட்டையாக, உருண்டையாக, சாப்பாட்டு மேசைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருப்பார். எனக்கு இருக்கும் இந்த வாயும் அவர் கொடுத்ததுதான்.

இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்கு ஏதோ பூச்சி வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஃபேக்டரியின் இளவட்டங்கள் எல்லாம் அமீர்பேட்டையில் ராத்திரி கம்ப்யூட்டர் கிளாஸ் போய், காலையில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு முதலில் சப்பாத்தி இறங்கவில்லை.

"கோதுமை நமக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் அம்மா.

சப்பாத்தியை நிறுத்தினார்கள். பிறகு தோசை இறங்கவில்லை. வாயுவாக இருக்கும் என்று கம்பெனி டிஸ்பென்ஸரியில் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார்கள். சுண்ணாம்பைப் பெப்பர்மின்ட்டில் குழைத்த மாதிரி ருசி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாட்டில் பாட்டிலாக அது உள்ளே போயிற்று. பிறகு இட்லி நின்றது.

"தொண்டைல எவனோ ஸ்பீட் பிரேக்கர் போட்டுட்டான்ட்டி" என்று அப்பா என்னிடம் சொன்னார். "காப்பி மட்டும் சைக்கிள்ல வார மாதிரி ஓரமாப் போயிருது."

அம்மா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். விளக்கெண்ணெய் தடையில்லாமல் இறங்கியது. அப்பா இரண்டு நாள் பாத்ரூமிலேயே குடியிருந்தார். வெளியே வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "பாரு, வயித்துல எவ்வளவு கெடந்திருக்குன்னு" என்றாள் அம்மா, ஜெயித்த முகத்தோடு. உள்ளே ஒன்றுமே கிடக்கவில்லை என்பதுதான் வியாதி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

உணவுக்குழாயில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். ஆனால் இந்த உடம்பில் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும் என்றார் டாக்டர். கொஞ்சம் எடை ஏற வேண்டும். அதற்காக அப்பாவின் வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு, சிறுகுடலுக்குள் நேராக ஒரு ரப்பர்க் குழாயைச் செருகித் தைத்து அனுப்பினார்கள். அதில் கஞ்சி விட வேண்டும். ராகி, பால், பருப்புத் தண்ணீர், முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, எல்லாம் வடிகட்டி.

"வெயிட் பெரகாலி" என்றார் டாக்டர், தெலுங்கில், விரலை மேலே காட்டி. "பெரிகிதே நேனு ரெடி." எடை ஏறினால் நான் தயார். இதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே வாக்கு. அந்தக் கோடை முழுவதும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்து, சட்டையைத் தூக்கி எனக்குக் குழாயைக் காட்டினார். பிளாஸ்திரி வாசனை, ஸ்பிரிட் வாசனை, நடுவில் ஒரு பழுப்பு நிறக் குழாய், நுனியில் கிளிப்.

"என் வாய்க்கு வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டாங்கட்டி" என்றார். விருப்ப ஓய்வு. ஃபேக்டரியில் அப்போது எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "இனிமே அதுக்குப் பேச்சு மட்டும்தான். பென்ஷன் மாதிரி."

நான் சிரித்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே குழாய் அடைத்துக்கொண்டது. அம்மா சிரிஞ்சை அழுத்துகிறாள், கஞ்சி போகவில்லை. பக்கவாட்டில் பீய்ச்சி அவள் புடவையெல்லாம் ராகி. அப்பா அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஆட்டோ பிடித்து ஊரின் அந்தக் கோடிக்கு ஓடினார்கள். வெந்நீர் ஏற்றி ஏற்றி ஒரு சின்ன டாக்டர் அடைப்பை எடுத்தார். இன்னொரு முறை அடைத்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், இவர் தாங்க மாட்டார் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் மீட்டிங்.

வந்தவர்களில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் எதிர்வீட்டு டிசைன் அங்கிள். தெலுங்குக்காரர், ஃபேக்டரியில் டிசைன் பிரிவு, அப்பாவோடு ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவர். இன்னொருவர் டெஸ்டிங் மாமா, கோயம்புத்தூர்க்காரர். டிசைன் அங்கிள் செய்வதையெல்லாம் சரியில்லை என்று சொல்வதற்குத்தான் அவருக்கு ஃபேக்டரியில் சம்பளம். வீட்டிலும் அந்த வேலையை ஓவர்டைம் இல்லாமல் செய்வார்.

"அரே பாய், இதி சிம்பிள் ஃப்ளோ பிராப்ளம்" என்று அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் டிசைன் அங்கிள். "பைப் சின்னது, லிக்விட் திக்கு. அந்தே, அவ்வளவுதான்."

"சிம்பிள்னு சொல்லிச் சொல்லித்தானுங் போன பிராஜெக்ட்டு மூணு வருசம் இழுத்துச்சு" என்றார் டெஸ்டிங் மாமா.

"நக்கோ பாய், அதை இப்ப எதுக்கு எடுக்கறே."

"ரெண்டு பேரும் சண்டையை வெளிய வச்சுக்கோங்க. பைப்பு என் வயித்துல இருக்கு" என்றார் அப்பா.

அடுப்படி அன்றிலிருந்து அம்மாவின் கையை விட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அதே அளவுக் குழாய்த் துண்டு ஒன்றை டெஸ்டிங் மாமா வாங்கிவந்தார். அதைத் தண்ணீர்க் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு சாமானாக ஊற்றிப் பார்த்தார்கள். ராகி போயிற்று. சர்க்கரைத் தண்ணீர் ஓடியது. பால் போயிற்று, ஆனால் வெயிலில் திரிந்தால் நின்றது. பருப்புத் தண்ணீர் அடியில் மாவாகப் படிந்து அடைத்தது. வெள்ளைக்கரு இளஞ்சூட்டுக் கஞ்சியில் பட்டதும் நூல் நூலாக வெந்து அடைத்தது. மறுபடி மறுபடி பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குற்றவாளி கிடைத்துவிட்டான்.

"பப்பு, எக், ரெண்டும் அவுட்" என்றார் டிசைன் அங்கிள்.

"பருப்பு இல்லாத சாப்பாட்டை அவுஹ தொடவே மாட்டாஹளே" என்றாள் அம்மா. நாக்கில் படாமல் குடலுக்குப் போகிற கஞ்சி என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை.

"வதினகாரு, டென்ஷன் வேண்டாம்" என்றார் அங்கிள். அண்ணி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். "பப்புல இருக்கற கலோரி எவ்வளவோ, அவ்வளவு சுகர் சேர்த்தாச்சு. கணக்கு டேலி."

டெஸ்டிங் மாமா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "சரியாத்தானுங் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு குழாய் ஒரு நாளும் அடைக்கவில்லை. பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியத் தண்டில் ஒரு ஸ்டாண்டு வந்தது. அதில் பையைத் தொங்கவிட்டால் கஞ்சி சொட்டுச் சொட்டாக இறங்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. மின்சாரம் போனால்கூட இறங்கும் என்பதை டிசைன் அங்கிள் வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். அதில் மின்சாரத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ராகி அடிப்பிடிக்கும் வாசனை, வாசலில் மாம்பழ வண்டி, பள்ளிக்கூடம் இல்லாத மத்தியானம், டக் டக்கென்று சொட்டு. அந்தக் கோடையைக் கண்ணை மூடி நினைத்தால் எனக்கு இதுதான் கேட்கிறது.

எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. பை மாட்டியதும் அப்பா கேட்பார்: "இன்னிக்கு என்னட்டி மெனு?"

நான் அப்போது தெலுங்கும் ஹிந்தியும் கலந்துதான் பேசுவேன். தமிழ் புரியும், வாயில் வராது. அம்மா கேட்கிற கேள்விக்கு வேண்டாம் என்பதற்கு "நக்கோம்மா" என்று பதில் சொல்லி அடி வாங்கிய ஜாதி.

"சேப்பல புலுசு" என்றேன் முதல் நாள்.

"தெலுங்குல சொன்னா செமிக்காது. நம்ம ஊர்ல என்னன்னு சொல்லு."

ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டுவந்து சொன்னேன். "மீன் குழம்பு."

"என்ன மீன்?"

மறுபடி ஓட்டம். "நெய்மீன்."

"முள்ளு?"

"எடுத்தாச்சு."

"அப்ப சரி. ஊத்து."

சொதி, உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, அவியல், கருவாட்டுக் குழம்பு. என் தமிழ் இப்படி வந்ததுதான். எதையும் விழுங்க முடியாத ஒருவருக்குச் சாப்பாட்டின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி. ஒரு நாள் கற்பனை வற்றிப்போய், "நேத்து மிச்சம்" என்று சொல்லிவிட்டேன். அப்பா கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "திருப்பிக் கொண்டு போ. பழசு எனக்கு ஒத்துக்கிடாது."

சாயங்காலங்களில் டிசைன் அங்கிள் ஈரானி ஹோட்டலிலிருந்து உப்பும் இனிப்புமான பிஸ்கட் வாங்கிவருவார். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, கரையும் வரை வைத்திருந்து, எச்சிலோடு செம்பில் துப்புவார். சொந்த எச்சிலே இறங்காது என்பதால் அந்தச் செம்பு எப்போதும் பக்கத்தில் இருக்கும். துப்பிவிட்டு அபிப்பிராயம் சொல்வார். "உப்பு ஒரு கல்லு கூட." அங்கிள் தலையாட்டுவார். பிறகு மீதிப் பிஸ்கட்டை யாரும் தொட மாட்டார்கள். நான் தொடுவேன். எனக்கு அப்போதே வெட்கம் கிடையாது.

எடை பார்க்கத்தான் நல்ல கருவி இல்லை. மருந்துக் கடையின் முள்ளுத் தராசு ஆளைப் பார்த்துப் பேசுகிறது என்றார் டெஸ்டிங் மாமா. ஃபேக்டரியில் கழித்துப் போட்ட சாமான்களை அனுமதி வாங்கி எடுத்துவந்து இரண்டு பேருமாக ஒரு எடை மேடை செய்தார்கள். கனமான அலுமினியத் தட்டு, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் சிவப்பாக எரியும் எண்கள். ஏறி நின்றால் எண்கள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு நிற்கும். தெருவே வந்து ஏறிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏறியதும் எண்ணைத் துண்டால் மூடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றுவார்கள். முதலில் எண் அசையவில்லை. பிறகு கொஞ்சமாக ஏறியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஜூன் மழை தொடங்கியபோது நன்றாகவே ஏறியது. டிசைன் அங்கிள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ அப்பா ராக்கெட் விட்ட மாதிரி. அம்மா ஊருக்கு ஃபோன் போட்டு, "காலெல்லாம் சதை போட்டுட்டு. பழைய செருப்பு நுழைய மாட்டேங்கு" என்று சொன்னாள். புதுச் செருப்பு வாங்கப் போனோம். முன்பு போட்டதைவிட ஒரு அளவு பெரியது. கடையிலிருந்து வரும் வழியில் அம்மா வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். அதற்கு முன் அவள் பாடி நான் கேட்டதில்லை.

டெஸ்டிங் மாமா மட்டும் ஒரு நாள் அப்பாவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கன்னம் உள்ளே போய், கண் இரண்டும் குழிக்குள் இருந்தன.

"ஏனுங், வெயிட்டு ஏறுது. மூஞ்சில ஒண்ணையும் காணமே."

"மூஞ்சி லாஸ்ட்ல வரும் பாய். அது ஃபினிஷிங்" என்றார் டிசைன் அங்கிள்.

"எனக்கு நம்பிக்கை வல்லீங். மெஷினைச் செக் பண்ணோணும்."

அதுதான் அவர்கள். சந்தேகம் வந்தால் கருவியின் மேல்தான் வரும். அன்று மத்தியானம் முழுக்கச் சோதனை. மளிகைக் கடையிலிருந்து பிரிக்காத அரிசி மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். என்னை ஏற்றினார்கள், இறக்கினார்கள். அரிசி மூட்டையோடு சேர்த்து ஏற்றினார்கள். டிசைன் அங்கிள் ஒற்றைக்காலில் நின்றார். எண்கள் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. டெஸ்டிங் மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"மெஷின் கரெக்ட்டுங் சார். நீங்க நெசமாவே ஏறியிருக்கீங்."

அப்பா கட்டிலிலிருந்து இரண்டு கையையும் கூப்பினார். "ஏத்தின மகராசனுங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்." அது கேலிதான். ஆனால் குரல் கேலியாக இல்லை.

டாக்டர் சொன்ன எடை வந்துவிட்டது. வந்து, தாண்டியும் விட்டது.

அந்த எடை மேடை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. நாங்கள் குகட்பள்ளிக்கு வீடு மாறியபோது லாரியில் ஏற்றிய நினைவு இல்லை. ஆன்டெனாத் தண்டு மட்டும் பல வருஷம் துணிக்கொடி கட்டப் பயன்பட்டது. அப்பா அந்த வருஷத் தசராவைப் பார்க்கவில்லை. டெஸ்டிங் மாமா ஓய்வு பெற்று ஊருக்குப் போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். டிசைன் அங்கிள் இப்போது அமெரிக்காவில் மகன் வீட்டில், பனியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எப்போதாவது என்னை ஃபோனில் கூப்பிடுவார். ஒரு தடவை அமெரிக்க வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர், நடுவில் நிறுத்தி, "பிட்டா, பப்பு வேசி உண்டால்சிந்தா?" என்று கேட்டார். மகளே, பருப்பு போட்டிருக்க வேண்டுமோ?

"சோக் அய்யேதி அங்கிள்" என்றேன். அடைத்திருக்கும்.

"ஹவ். ஹவ்" என்றார். ஆமாம், ஆமாம். பிறகு மறுபடி வானிலைக்குப் போய்விட்டார்.

என் தோழி ஒருத்தி டாக்டர். பருப்பு, முட்டை எல்லாம் போயிருந்தாலும் அந்த வியாதி அந்த நிலையில் விட்டிருக்காது என்கிறாள். அவள் நல்ல டாக்டர். நல்ல தோழியும்கூட. எந்த ஹோதாவில் அதைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏறிய எடையைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஊரில் போனாலு என்கிற அம்மன் பண்டிகை. வழியெல்லாம் தப்பு அடித்துக்கொண்டு, தலையில் வேப்பிலை செருகிய பானையோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். டிசைன் அங்கிள் இரவல் வாங்கி ஓட்டிவந்த காரில் முன்னால் அப்பா, புதுச் செருப்பும் தேய்த்த சட்டையுமாக. பின்னால் அம்மா, டெஸ்டிங் மாமா, மாமாவின் மடியில் பாதியும் கதவில் பாதியுமாக நான். "மாப்பிள்ளை அழைப்பு கணக்கா இருக்கு" என்றார் அப்பா, வெளியே தப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

டாக்டரின் அறையில் டிசைன் அங்கிள்தான் முதலில் பேசினார். எடையைச் சொன்னார். எப்படி அளந்தோம் என்றும், கருவியைச் சோதித்ததையும் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து குனிந்து, பேன்ட்டை முழங்கால் வரை தூக்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்தியபடியே இருந்தார். விரலை எடுத்தார்.

பள்ளம் அப்படியே இருந்தது. பிசைந்து வைத்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"இதி கண்ட காது அண்டி" என்றார், மெதுவாக. இது சதை இல்லை. "நீரு."

தெலுங்கு அரைகுறையாகவே தெரிந்த அம்மாவுக்கும் அது புரிந்தது. உடம்புக்குள் புரதம் வற்றிப்போனால் இரத்தத்திலிருக்கும் நீர் தங்காமல் கசிந்து கால்களில் தேங்கும், வயிற்றிலும் சேர ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். கத்தி வைப்பதற்கு இல்லை. இனி சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சௌகரியம் என்கிற வார்த்தையை அப்படியும் சொல்வார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

வெளியே வராந்தாவில் அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் மூவரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். டெஸ்டிங் மாமா சுவரைப் பார்த்து, "மெஷின் கரெக்ட்டுங். மெஷின் கரெக்ட்டுதானுங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிசைன் அங்கிள் அவர் தோளைப் பிடித்திருந்தார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள்.

நான் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். பேன்ட் இன்னும் சுருட்டியபடியே இருந்தது. நடந்தது என்னவென்று எனக்குத் தெளிவாகப் புரியவில்லை. டாக்டர் விரலால் குத்தி அப்பாவின் காலைக் கெடுத்துவிட்டார், அதனால் ஆபரேஷன் இல்லை. இவ்வளவுதான் நான் கட்டிய கணக்கு. அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்ல மேலே வந்தது. ஓரம் முதலில், பிறகு நடு. கடைசியில் ஒன்றுமே நடக்காத மாதிரி கால் வழவழவென்று ஆகிவிட்டது.

"அப்பா, குழி மூடிட்டு. சரியாயிட்டு" என்றேன். முழுத் தமிழில்.

அப்பா குனிந்து பார்த்தார். தூரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு காலை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"எங்க, இன்னொரு தடவை அமுக்கு. பாப்போம்."

நான் என் கட்டைவிரலை வைத்து, என் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். விரலை எடுத்ததும், டாக்டருடையதைவிடச் சின்னதாக ஒரு பள்ளம். இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு, அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.